வேப்பமரத்தடியில் கார் நிறுத்தும் மாமாவுக்கு

மதிப்புக்குரிய முதல் மாடி மாமாவுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் வேப்பமரத்தைக் கழிக்கும் பேச்சை எடுக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கூட்டத்தில் எனக்குப் பேச வராது. யாராவது குறுக்கே ஒரு வார்த்தை சொன்னாலே உட்கார்ந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதக் காரணம், மரத்தடியில் நிற்கும் கார் இந்தச் சென்னையில் உங்களுடையது மட்டுமில்லை.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காரில் விழும் பறவை எச்சம் காய்ந்தால் பெயிண்டை அரிக்கும் என்பது உண்மைதான். விடியும் முன்பே குயில் ஆரம்பித்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குயில் எனக்கு வேறு மாதிரி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நான் வண்டியை நிறுத்தும்போது இந்தத் தெருவில் விழித்திருப்பது அது ஒன்றுதான். அதைக் கேட்டுக்கொண்டே மாடியேறிப் பழகித்தான் மற்றப் பறவைகளையும் கவனிக்க ஆரம்பித்தேன்.

அப்படிக் கூவுவது ஆண். கறுப்பு உடம்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். போன வாரம் மாமியிடம் "பருந்துக் குஞ்சு" என்று நீங்கள் காட்டினீர்களே, அது இதுதான். இவை நம் மரத்தைச் சுற்றுவதற்குக் காரணம், உச்சிக் கிளையில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. குயில் அதில் முட்டையிடும், காக்கை தன் குஞ்சு என்று நினைத்து ஊட்டி வளர்க்கும். நாம் குயிலைப் பாட்டுக்காரி என்று கொண்டாடுகிறோம். வீட்டுச் செலவு முழுவதும் காக்கை கணக்கில் போகிறது.

காக்கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். அமாவாசை அன்று மொட்டைமாடியில் இலை போட்டுவிட்டு, அது வரும்வரை "கா, கா" என்று தொண்டை வற்றக் கூப்பிடுகிறீர்கள். வர நேரமானால் முகம் வாடிப்போகிறது. மறுநாள் காலையில் அதே காக்கையைக் குச்சியால் விரட்டுகிறீர்கள். முன்னோர் மாதத்துக்கு ஒரு நாள்தான் காக்கையாக வருவார்களா, மாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மரத்தை யார் வைத்தது என்று யோசித்திருக்கிறீர்களா? மதிலை ஒட்டி, சாக்கடைக்கு ஒரு அடி தள்ளி எந்த மனிதரும் வேம்பை நட மாட்டார். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் பழுக்கும்போது மைனா, காக்கை, கொண்டைக்குருவி எல்லாம் தின்று கொட்டையை அங்கங்கே போட்டுவிட்டுப் போகின்றன. ஊரில் பாதி வேம்பு அப்படி முளைத்ததுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நகரமெங்கும் மரங்கள் சாய்ந்தபோது, யாரும் வைக்காத இது நின்றது. மே மாத வெயிலில் உங்கள் கார் நிழலில் நிற்கிறதே, அது ஏதோ ஒரு பறவையின் எச்சம் போட்ட பிச்சை என்பேன்.

எச்சத்தை மதித்த ஊர் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல். அந்த ஏரி மரங்களில் நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டும். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் அவரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவே வாங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அந்த நாற்றத்தோடு அங்கே சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், யாரும் அரிவாளைத் தூக்குவதில்லை. காரில் விழுவதும் வயலில் விழுவதும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் துடைத்தால் போகிற விஷயத்துக்கு மரத்தை வெட்ட வேண்டுமா?

முதலில் வெட்டச் சொல்வது தெற்குப் பக்கத்துப் பட்ட கிளையை என்று தெரியும். "காய்ந்ததுதானே" என்பீர்கள். அதில்தான் குக்குறுவான் குடியிருக்கிறது. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. பாத்திரப் பட்டறையில் தட்டுவதுபோல் மத்தியானம் பூரா "டொக், டொக்" என்று கேட்கிறதே, அதுதான். பச்சைக் கிளையின் கெட்டியான மரத்தை அதன் அலகு குடையாது, பட்ட கட்டைதான் வேண்டும். அது விட்டுப்போன பொந்தில் பிறகு வேறு பறவை வந்து சேரும்.

அப்புறம் தவிட்டுக்குருவிகள். மரத்தடிச் சருகைக் கூட்டமாகப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தின்னும், ஓயாமல் சண்டை போடுவது மாதிரி கத்தும். வாட்ச்மேன் அந்தச் சருகைத் தினமும் கூட்டி எரிக்கிறார். சுத்தம் என்று நாம்தான் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறோம். எரிப்பதை மட்டும் நிறுத்தினாலே போதும்.

பறவைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் பலர் உடனே கம்பும் அரிசியும் வாங்கி மொட்டைமாடியில் கொட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாடப்புறா மட்டும் பெருகி, பால்கனி நாறுவதுதான் மிச்சம். குக்குறுவானுக்கும் தவிட்டுக்குருவிக்கும் அதனால் ஒன்றும் இல்லை. பட்ட கிளை, சருகு, பழம், வெயில் நாளில் ஒரு சட்டி தண்ணீர், இவற்றை விட்டுவைத்தால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும். சட்டியைத் தினம் கழுவ வேண்டும், அது என் பொறுப்பு.

ஆகவே என் வேண்டுகோள் இது. மின்கம்பியை உரசும் கிளையை மட்டும் எடுக்கலாம், அதுவும் கூடு கலைந்த பிறகு, ஆவணி தாண்டி. படிக்கட்டை ஒட்டி நான் வண்டி நிறுத்தும் இடத்தில் உங்கள் கார் தாராளமாக நிற்கும், அளந்து பார்த்துவிட்டேன். நீங்கள் அங்கே வந்துவிடுங்கள், என் பைக் மரத்தடிக்குப் போகட்டும். எச்சம் விழுந்தால் ஒரு குவளைத் தண்ணீரோடு போய்விடும். கார்க் கண்ணாடியைத் தேன்சிட்டு கொத்துகிறது என்றீர்களே, அதில் தெரியும் தன் உருவத்தை வேறொரு ஆண் என்று நினைத்துத்தான் சண்டைக்குப் போகிறது. நிறுத்தும்போது இரண்டு கண்ணாடிக்கும் பழைய சாக்ஸ் மாட்டிவிட்டால் விட்டுவிடும். சாக்ஸ் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன். இடம் மாற்றிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று அப்போது சொன்னால் போதும்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி ராத்திரி ஷிஃப்ட் பையன்