முற்றன்டால் நடைப்பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியில் வழமையான வகுப்புகள் இல்லை. அன்று நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளை, இங்கே ஜேர்மனியில் விற்றன் நகரத்தின் தெற்கே, ரூர் ஆற்றங்கரையை ஒட்டி, பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கும் முற்றன்டால் என்ற காட்டுப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஒப்பமிட்டுத் தர வேண்டிய படிவம் இக்கடிதத்தோடு இருக்கிறது.

அறிவித்தலை ஒட்டிய அன்றே ஒரு அம்மா வந்து கேட்டார்: "சோதினைக்கு ஐஞ்சு கிழமைதான் கிடக்கு ரீச்சர். காடும் சுரங்கமும் பாக்கிறதுக்கு ஜேர்மன் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போவினம். நாங்கள் ஏன் போகவேணும்?" நியாயமான கேள்விதான். நின்ற நிலையில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

பெப்ரவரியில் ஆறாம் வகுப்புக்கு 'எனது ஊர்' என்று கட்டுரை கொடுத்தோம். பதினான்கு கொப்பிகள் வந்தன. பதினொன்றில் வயல், பனை, கோயில் குளம். எழுதியவர்களில் பாதிப்பேர் பனைமரத்தைப் படத்தில்தான் கண்டிருக்கிறார்கள். பிழையில்லை, புத்தகத்தில் இருப்பதைப் படித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு பையன் மட்டும் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பற்றி எழுதியிருந்தான். "அது உண்மையான மலை இல்லை. நிலத்துக்குக் கீழே இருந்து கரி எடுத்தபோது வந்த கல்லை எல்லாம் கொட்டி வந்த மலை. அதன் பெயர் ஹால்டெ." அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். தமிழில் என்ன என்று என்னைக் கேட்கிறானாம். சிவப்புப் பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். எனக்கும் தெரியவில்லை.

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தன் காலடியில் இருக்கும் நிலத்தைச் சொல்லத் தமிழ் போதாமல் இருக்கிறது. அப்படி விட்டால் தமிழ் ஊர்க்கதைக்கு மட்டும் என்றாகிவிடும். அதனால்தான் போகிறோம்.

பாதையைப் பார்க்க மார்ச் மாதம் நானும் இரண்டு ஆசிரியைகளும் முன்கூட்டியே போய் வந்தோம். பீச் மரக்காடு, நடுவே ஒரு சின்ன ஓடை. சுரங்க நடைபாதை என்று அடையாளமிட்ட வழி ஒன்று பள்ளத்தாக்கைச் சுற்றி வருகிறது. முழுதும் நடந்தால் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். நாங்கள் பாதியளவுதான் நடக்கப்போகிறோம். முதலில் பார்க்கிறவருக்கு அது வெறும் காடு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மண்மேடுகளும் குழிகளும் இயற்கையாக வந்தவை அல்ல என்று விளங்கும். சரிவில் கல் வளைவு வைத்த சின்ன வாசல்கள் இருட்டாக நிற்கும், கம்பிக்கதவு போட்டு. அவைதான் சுரங்க வாய்கள். ஜேர்மன்காரரும் அவற்றை 'வாய்' என்றுதான் சொல்கிறார்கள்.

பன்றி மேய்த்த பையன் ஒருவன் குளிருக்குத் தீ மூட்டினானாம், விடிந்த பிறகும் அடியில் கிடந்த கறுப்புக் கல் கனன்றுகொண்டே இருந்ததாம். ரூர் நிலக்கரியின் பிறப்பை அங்கே இப்படித்தான் கதையாகச் சொல்கிறார்கள். கதை எப்படியோ, அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கரிப்படுகைகள் நிலத்தின் மேலேயே தலைகாட்டுகின்றன. மண்வெட்டியும் கூடையும் இருந்தால் எடுக்கலாம். வடக்கே போகப் போக அதே படுகைகள் சரிந்து ஆழத்துக்குப் போய்விடுகின்றன. சுரங்கத் தொழிலும் அவற்றைப் பின்தொடர்ந்து வடக்கே எசன், கெல்சன்கிர்ஹன், பொற்றொப் என்று நகர்ந்தது. கடைசிச் சுரங்கமான புறொஸ்பர் ஹானியல் பொற்றொப்பில்தான் 2018 டிசெம்பரில் மூடப்பட்டது. நம் பிள்ளைகளில் பலர் அப்போது பாலர் வகுப்பில் இருந்தவர்கள்.

பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது 1830இல் கட்டிய ஒரு சிறிய வீடு. சுரங்கத் தொழிலாளரின் செப வீடு. கூரையில் மணி. வேலைக்கு இறங்குமுன் ஆட்கள் இங்கே கூடிச் செபம் சொல்வார்கள், பெயர் கூப்பிட்டு வரவு பார்ப்பார்கள். செபமும் வரவுப் பதிவும் ஒரே கூரையின் கீழ்! வரவு பார்த்ததன் உள்ளர்த்தத்தை யோசித்தால் வயிற்றைப் பிசையும். மாலையில் எத்தனை பேர் மேலே வரவேண்டும் என்பதற்கும் அதுதானே கணக்கு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் போகிறேன். மூத்த வகுப்புக்கு மட்டும்.

பள்ளத்தாக்கு ஆற்றோடு சேரும் இடத்தில் நாக்டிகால் சுரங்கம். பெயருக்குப் பொருள் இராப்பாடிப் பறவை. அதே காட்டில் காட்டுப்புறாவின் பெயரில் இன்னொரு சுரங்கமும் இருந்தது. இருட்டுக்குள் இறங்குகிறவர்கள் ஏன் பறவைப் பெயர்களாகத் தேடி வைத்தார்களோ. நாக்டிகால் முதலில் மலைக்குள் கிடையாகப் போன சுரங்கம். 1832இல் இங்கே செங்குத்தாகக் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். கரியை வெளியே எடுப்பதைவிட உள்ளே வரும் தண்ணீரை இறைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. 1892இல் அந்தப் போராட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு அதே இடத்தில் ஒரு செங்கற் சூளை வந்து 1963 வரை நடந்தது. வட்டச் சூளை, சுற்றிவர அறைகள். கல் இருந்த இடத்திலேயே இருக்கும், நெருப்புத்தான் அறை அறையாகச் சுற்றி வரும். ஒரு பக்கம் கல் அடுக்க, எதிர்ப்பக்கம் வெந்து ஆறிய கல்லை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்று அந்த வளவு அருங்காட்சியகம்.

முற்றத்தில் ஒரு நீண்ட மரப் படகு நிற்கிறது; பழைய கரிப் படகின் மாதிரி. 1780இல் ரூர் ஆற்றில் 16 படகுப்பூட்டுகள் (நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) கட்டி முடித்தபின் கரி படகில்தான் போனது. போகும்போது ஆறு இழுத்துக்கொண்டு போகும். திரும்பும்போது கரையில் குதிரை இழுக்கும்.

தலைக்கவசம் போட்டு, விளக்கோடு, வழிகாட்டியின் பின்னால் சுரங்கத்துக்குள்ளும் போவோம். உள்ளே கோடையிலும் குளிர். சில இடங்களில் குனிந்து நடக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் கரிப்படுகை சுவரில் கறுப்பாக மின்னும். நான் தொட்டுப் பார்த்தேன், விரல் நுனி பின்னேரம் வரை கறுப்பு. ஏழாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்கள் உள்ளே வரமாட்டார்கள். இது எங்கள் முடிவு. அவர்கள் மேலே ஆசிரியைகளோடு சூளையைப் பார்ப்பார்கள்.

வீட்டு வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் பத்து ஜேர்மன் சொற்களைக் குறித்துவந்து வீட்டில் தமிழ் கேட்க வேண்டும். அகராதியைப் பார்க்கக் கூடாது, உங்களைக் கேட்க வேண்டும். தாத்தா பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. குழியிலிருந்து கூடையைச் சுற்றி இழுக்கும் உருளையை நாங்கள் பார்த்தபோது கூட வந்த ஆசிரியை ஒருவர் "இது எங்கட கிணத்துக் கப்பியின்ர அண்ணன்" என்றார். குழி ஆழமானதும் குதிரையைக் கட்டி வட்டமாகச் சுற்றவிட்டுக் கரி ஏற்றினார்களாம். அதற்குப் பெயர் கோப்பெல். எனக்கு உடனே செக்குத்தான் நினைவுக்கு வந்தது. குதிரைச் செக்கு! இப்படிச் சொற்கள் நம்மிடம் கிடக்கின்றன, எடுப்பார் இல்லை. தொழிலாளர் பின்பக்கம் கட்டிய தோலுக்கு ஜேர்மனில் இருக்கும் பெயரையும் பிள்ளைகள் குறித்துவருவார்கள். அதற்கு என்னைத் திட்ட வேண்டாம்.

நேரமும் வானிலையும் இடம்கொடுத்தால் ஆற்றோரம் நடந்து ஹார்டன்ஸ்ரைன் கோட்டை இடிபாடு வரை போவோம். கண்ணுக்குத் தெரியாத கோல்டமார் என்ற குள்ள அரசன் அங்கே குடியிருந்தானாம். காலடி பார்க்கலாம் என்று சமையற்காரப் பையன் ஒருவன் சாம்பலும் பட்டாணியும் தூவி வைத்தான். அவனுக்கு நடந்ததைக் கடிதத்தில் எழுத மாட்டேன். கோட்டையடியில் ஆற்றைக் கடக்க, ஆளுக்குக் கட்டணமில்லாத சிறு பாதைப் படகு உண்டு, உண்டியல் வைத்திருப்பார்கள். படகு ஓடினால் ஒருதரம் அக்கரைக்குப் போய்த் திரும்புவோம்.

சப்பாத்து பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வழுக்காத அடியுள்ள மூடிய சப்பாத்து. மார்ச்சில் வெள்ளைச் சப்பாத்தோடு போய் ஈர இலையில் வழுக்கி விழுந்தது நான்தான்; ஆசிரியைகள் இன்னும் சிரிக்கிறார்கள். நீளக் காற்சட்டை, ஒரு மெல்லிய யாக்கெற், தண்ணீர்ப் போத்தல். காட்டில் உண்ணி உண்டு. வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். இழுப்பு உள்ள பிள்ளைகள் மருந்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்றால் படிவத்தில் எழுதுங்கள், அதில் வெட்கமில்லை.

சாப்பாட்டுக்கு ரோல்ஸ், பாண், பழம் போதும். இடியப்பமும் சொதியும் வேண்டாம். சென்ற பயணத்தில் பஸ் இருக்கைகளைத் துடைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

காலை 9 மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் நிற்கும். மாலை 5 மணிக்குத் திரும்புவோம். ஒருவருக்கு 12 யூரோ. இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. கட்ட வசதியில்லை என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், வேறு ஒருவருக்கும் தெரிய வராது. கூட வரக்கூடிய நான்கு பெற்றோரும் தேவை.

படிவத்தை அடுத்த சனிக்கிழமைக்குள் தாருங்கள். ஹால்டெக்கு உங்கள் வீட்டில் ஒரு தமிழ்ச் சொல் தோன்றினால் அதன் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்தக் கொப்பி இன்னும் திருத்தாமல் என் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்