ஓட்டையின் விளிம்பைக் கேள்

அன்புள்ள முரளி,

கடிதமும் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டின் நகலும் கிடைத்தன. உன் முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம்.

தங்கை மகளுக்கு இதயத்தின் இரு மேலறைகளையும் பிரிக்கும் சுவரில் 14 மி.மீ. ஓட்டை, இதயத்தின் வலது பக்கம் பெருத்திருக்கிறது, நெஞ்சைத் திறக்காமல் டிவைஸ் வைத்து அடைக்கச் சொல்கிறார்கள், நம்பிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்யலாம். ஆனால் நீ அந்த 14 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்கியிருக்கிறாய். நான் ரிப்போர்ட்டில் தேடியது ஓட்டையைச் சுற்றி எவ்வளவு விளிம்பு இருக்கிறது என்பதை. அதை யாரும் எழுதவில்லை.

டிவைஸ் என்பது நிட்டினால் (நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம்) கம்பி வலையில் பின்னிய இரண்டு தட்டுகள், நடுவே ஒரு கழுத்து, உள்ளே பாலியஸ்டர் துணி. கழுத்து ஓட்டையை நிரப்பும், தட்டுகள் இருபுறமும் விளிம்பைக் கவ்வும். பரவலாகப் பயன்படும் ஆம்ப்ளாட்சர் வகையில் கழுத்து 16 மி.மீ. என்றால் இடது தட்டு 30 மி.மீ., வலது தட்டு 26. ஒன்பது வயதுப் பிள்ளையின் மேலறைச் சுவரில் அந்த 30 மி.மீ. தட்டு, மைட்ரல் வால்வையோ (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ளது) நுரையீரல் சிரையையோ இடிக்காமல் உட்கார வேண்டும். அதனால்தான் வால்வுப் பக்கமும் சிரைகளின் பக்கமும் குறைந்தது 5 மி.மீ. விளிம்பு கேட்கிறோம். பெருந்தமனிப் பக்கம் விளிம்பு குறைவாக இருப்பது சகஜம். அதற்காக மட்டும் கைவிடுவதில்லை. உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தைக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையின் பக்கம் விளிம்பே இல்லையென்றால் டிவைஸுக்குப் பிடிமானம் கிடையாது, அறுவை சிகிச்சைதான் சரி. சுவரின் நடுப்பகுதியில் உள்ள செகண்டம் வகை ஓட்டைக்கு மட்டுமே இந்த முறை என்பதையும் நினைவில் வை.

அன்று நடப்பது இதுதான். தொடைச் சிரையில் ஊசி போட்டு, ரத்தம் உறையாமலிருக்க கிலோவுக்கு 100 யூனிட் ஹெப்பாரின் கொடுப்பார்கள். 26 கிலோ என்றால் 2600. ஓட்டை வழியாக இடது மேல் நுரையீரல் சிரைக்குள் கம்பியைக் கொண்டுபோய் நிறுத்தி, அதன் மேல் அளவெடுக்கும் பலூனை ஏற்றுவார்கள். அனுபவம் பேசும் இடம் இது. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் எக்கோவில் கசிவு நின்ற கணத்திலேயே பலூனை ஊதுவதை நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் ஊதினால் ஓட்டையே இழுபட்டு அகலமாகத் தெரியும். அந்தத் தப்பான அளவுக்குப் பெரிய டிவைஸ் போடுவார்கள். அது பிற்பாடு மேலறையின் வெளிச்சுவரையும் பெருந்தமனியையும் உராயும். கசிவு நின்றபோது இருந்த அளவு, மிஞ்சினால் 2 மி.மீ. கூட. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

பிறகு இடது தட்டை விரித்து, சுவரோடு இழுத்துப் பிடித்து, வலது தட்டை விரிப்பார்கள். டிவைஸைத் தள்ளிவந்த கம்பி இன்னும் அதன் திருகாணியில் மாட்டியபடியே இருக்கும். முன்னும் பின்னும் தள்ளி இழுத்து அசைத்துப் பார்த்து, உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கிப் பார்க்கும் எக்கோவில் எல்லா விளிம்பும் இரு தட்டுகளுக்கு நடுவே இருப்பது உறுதியான பிறகே திருகைக் கழற்ற வேண்டும். அதுவரை பிடிக்கவில்லை என்றால் மடக்கி வெளியே எடுத்துவிடலாம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த அம்சம் அதுதான்.

என்ன தவறலாம்? டிவைஸ் நழுவி ஓடுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, பெரும்பாலும் முதல் நாளுக்குள். பல சமயம் சுருக்குக் கம்பி போட்டே பிடித்துவிடலாம். உராய்ந்து துளைப்பது ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று. டிவைஸைக் கொண்டுபோகும் குழாயில் காற்று தங்கியிருந்தால் அது இதயத்துக்கே ரத்தம் தரும் வலது கரோனரி தமனிக்குள் போய், ஈ.சி.ஜி. கோட்டின் எஸ்.டி. என்ற பகுதி சட்டென்று மேலே ஏறும். வழக்கமாகச் சில நிமிடங்களில் சரியாகும். பேஸ்மேக்கர் வைக்க நேர்ந்ததாக யாரோ சொன்னார்களே, அது பெரும்பாலும் கீழறைச் சுவர் ஓட்டையாக இருந்திருக்கும். அங்கே இதயத் துடிப்பின் மின்சாரத்தைக் கடத்தும் தசை இழை ஓட்டையின் ஓரத்திலேயே ஓடுகிறது.

2002இல் வந்த ஓர் ஒப்பீட்டில் 442 பேருக்கு டிவைஸ், 154 பேருக்கு அறுவை. டிவைஸ் முயன்றதில் வெற்றி 95.7 சதவீதம், அறுவையில் 100. சிக்கல்கள் டிவைஸில் 7.2 சதவீதம், அறுவையில் 24. அந்த நாலு சதவீதக் குறையை விளிம்பு பார்த்துத் தேர்ந்தெடுத்தே பெரும்பாலும் தவிர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக்கு வந்த பின் ஆறு மாதம் தினமும் ஆஸ்பிரின், இவள் எடைக்கு 75 அல்லது 100 மி.கி. இடையில் அம்மையோ ஃப்ளூவோ வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு, ஆஸ்பிரினை நிறுத்தலாமா என்று கேட்க வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக், அதுவும் ஆறு மாதம். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் எதுவானாலும், வருடம் கழித்து வந்தாலும், உடனே எக்கோ. நிக்கல் ஒவ்வாமை உண்டா, கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதா என்று தங்கையிடம் இப்போதே கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடு.

தேதி குறிக்கும் முன் இன்னொரு எக்கோ எடுத்து, விளிம்புகளை, முக்கியமாகக் கீழ்ப்பெருஞ்சிரைப் பக்கத்தை, மி.மீ. கணக்கில் எழுதித் தரச் சொல். அந்தத் தாளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ரவி