மங்கு என்றால் என்னவென்று அம்மாவைக் கேட்டிருக்கலாம்

கோலாலம்பூரில் தமிழாய்வுக் கருத்தரங்குகளை நடத்தும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஏற்பாட்டுக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கருத்தரங்கு, ஆய்வரங்கம், பொது விரிவுரை என்று நீங்கள் எது நடத்தினாலும், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அறிவிப்பு வந்தவுடன் பெயர் கொடுத்துவிடுவேன். அங்கே கேட்டதை வைத்து வகுப்பில் எத்தனையோ பாடங்களை மாற்றி நடத்தியிருக்கிறேன். அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன். ஆனால் ஒரு விஷயம் கொஞ்ச நாளாக மனத்தை உறுத்துகிறது. அதைச் சொல்லாமல் அடுத்த கருத்தரங்கில் வந்து உட்கார என்னால் முடியாது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கருத்தரங்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 83 வயது. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் உளி பிடித்தவர், தோட்டத்தை வீடு கட்ட விற்கிற வரைக்கும் பால் வெட்டினார். இப்போது என்னோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். நிகழ்ச்சி நிரலில் தோட்டப்புறப் பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரை இருப்பதைச் சொன்னதும், "நம்ம பாட்டையா அங்க பேசப் போறாங்க?" என்று கேட்டார். முதல் நாள் இரவே நல்ல சேலை ஒன்றை எடுத்து நாற்காலியில் மடித்துப் போட்டு வைத்துவிட்டார்.

கட்டுரை படித்தவர் வெளிநாட்டிலிருந்து வந்த இளம் ஆய்வாளர். உழைத்திருந்தார், அது பார்த்தாலே தெரிந்தது. ஒரு பாடலைத் திரையில் போட்டு வரிவரியாக விளக்கினார். அதில் 'மங்கெல்லாம் மழத்தண்ணி' என்று ஒரு வரி. மங்கு என்பதை அவர் மங்குதல் என்று எடுத்துக்கொண்டார். ஒளி மங்கிய வாழ்க்கை, அதில் மழையாகக் கொட்டும் பெண்ணின் கண்ணீர் என்று விளக்கம் சொன்னார். அரங்கில் கை தட்டினார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றாரு? மங்குன்னா பால் மங்குதானே?"

பால்மரத்தில் வெட்டுக்குக் கீழே, பால் வடிந்து விழுவதற்காக வைக்கும் கிண்ணம்தான் மங்கு. மலாய்க்காரர்கள் கிண்ணத்தை மங்கோக் என்பார்கள். தோட்டத்து வாயில் அது மங்கு ஆகிவிட்டது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார்கள். எல்லா மரத்தையும் வெட்டிவிட்டு, பால் வடியும்வரை காத்திருந்து, அப்புறம் வாளியோடு திரும்பிப் போய் மங்கு மங்காக ஊற்றி எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் மழை பிடித்துக்கொண்டால் மங்கில் தண்ணீர் நிறைந்து பால் வெளியே வழிந்துவிடும். விடியற்காலையிலிருந்து பட்ட பாடு அத்தனையும் மண்ணில். அந்த வரியைப் பாடிய பெண் அன்றைய கூலியைப் பற்றித்தான் பாடியிருக்கிறாள். கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது, பிள்ளைகளுக்கு ராத்திரி என்ன ஆக்கிப் போடுவது என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. அவள் அழுதும் இருக்கலாம். ஆனால் மங்கு தெரியாதவருக்கு அந்த அழுகையின் காரணமும் தெரியாது.

அம்மா கையைத் தூக்கினார். அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியோடு நின்ற மாணவி ஓடி வந்து, "பாட்டி, நேரம் ஆயிருச்சு, சாப்பாட்டு நேரத்துல அவர்கிட்டயே பேசிக்கலாம்" என்று குனிந்து மரியாதையாகத்தான் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சுற்றிப் படம் எடுக்கிற கூட்டம். அதன் பிறகு அவர் வேறோர் அரங்குக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு முட்டி வலி, மாலைவரை இருக்க முடியவில்லை. கிளம்பிவிட்டோம். ரயில் பங்சாரைத் தாண்டும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவர் மேல தப்பில்லம்மா, அவருக்கு யாரு சொல்லியிருப்பா?" என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன். அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? கட்டுரையைத் தேர்ந்தெடுத்த குழு அதைப் படித்திருக்கிறது. மொழிநடை பார்த்திருக்கும், மேற்கோள் பார்த்திருக்கும். பால் வெட்டிய ஒருவரிடம் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த அரங்கிலிருந்து பத்து நிமிடத் தொலைவில், ஏதாவது ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், அப்படி நாலு பேர் சாயங்காலம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஊரில் தமிழாய்வு எப்படி வேர் விட்டது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோரிக்கையின் நியாயமே அதில்தான் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. அதில் சமஸ்கிருதமே முதன்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு கருத்து வந்தது. தமிழ்தான் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர்வதற்காக அந்தப் பணம். பெரிய முதலாளிகளை மட்டும் நம்பி அந்த நிதி நிற்கவில்லை. கூலி வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கொடுத்தார்கள். அன்றைய கூலிக்கு அது சின்னத் தொகை இல்லை. 1956இல் துறை தொடங்கியது, பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. என் தாத்தா அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்த கதையை அம்மா இன்றும் சொல்வார். தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட வராது. பேத்தி காலத்திலாவது யாராவது அங்கே படிக்கட்டும் என்று கொடுத்தாராம்.

அந்தத் துறைக்குத் தலைவராக வந்த தனிநாயகம் அடிகள்தான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இதே கோலாலம்பூரில் கூட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1964இல், டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகியிருந்தது. தமிழகத்துக்கு இரண்டாவது மாநாடு, 1968இல் சென்னையில். முதல் மாநாடு தோட்டத்துப் பாட்டாளிகள் நிறைந்த இந்த நாட்டுக்குக் கிடைத்தது. 1987இலும் 2015இலும் மாநாடு மறுபடியும் இங்கே வந்தது. எங்கள் தோட்டத்தில் அப்பா மட்டும்தான் பேப்பர் வாங்குவார். 1966இல் அந்த மாநாட்டுச் செய்திகளை லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம், பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று கேட்பார்களாம். எங்கேயோ அறிஞர்கள் கூடித் தமிழைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே அவர்களுக்குப் பெருமையாக இருந்திருக்கிறது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று விரிவுரையாளர்களாக இருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து மனம்விட்டுப் பேசுவார்கள். பதவி உயர்வுக்கு ஸ்கோப்பஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்களில் கட்டுரை வர வேண்டும், அதையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒரு பாட்டியிடம் கட்டுரையைத் தமிழில் படித்துக் காட்டினால் அதற்கு எந்தப் புள்ளியும் இல்லை. மண்டபத்துக்கு, சாப்பாட்டுக்கு, வெளியூரிலிருந்து வருகிறவர்களின் தங்குமிடத்துக்கு என்று பணத்துக்காக நீங்கள் எத்தனை கதவைத் தட்டுகிறீர்கள் என்பதும் தெரியும். பணம் கொடுத்தவரை மேடையில் உட்கார வைத்து, பொன்னாடை போட்டு, பேச விட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறீர்கள். சரி. ஆனால் நான் சொல்லும் அந்தக் கருத்தரங்கில் திறப்பு விழா மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், அவருக்காகக் காத்திருந்தோம். அந்தத் தாமதத்தை யாருடைய நேரத்திலிருந்து எடுத்தீர்கள்? கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம் என்று இருந்தது எட்டு நிமிடம் ஆனது, கேள்வி நேரம் இல்லாமலே போனது. அம்மா தூக்கிய கை அப்படித்தான் கீழே இறங்கியது.

வேறு மாதிரியும் நடக்கும் என்பதற்கு ஒரு பெண்ணைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு முதுகலை மாணவி ஒருத்தி அம்மாவிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்ய வந்தாள். ஒப்புதல் படிவம் மலாயில் இருந்தது. அதை அப்படியே நீட்டிக் கையெழுத்து வாங்கவில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, "பாட்டி, வேணாம்னா இப்பவே நிறுத்திக்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னாள். அம்மா இரண்டு மணி நேரம் பாடினார். நான் பிறந்ததிலிருந்து கேட்காத பாட்டெல்லாம் அன்றைக்குத்தான் கேட்டேன். ஓர் ஆண்டு கழித்து அச்சிட்ட ஆய்வேட்டோடு அந்தப் பெண் திரும்பி வந்தாள். வரும்முன்பே ஒரு வரைவைக் கொண்டுவந்து படித்துக் காட்டியிருந்தாள், அம்மா ஆறு இடத்தில் திருத்தம் சொல்லியிருந்தார். அந்த ஆய்வேடு எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நன்றியுரைப் பக்கத்தில் தன் பெயர் இருக்கும் இடம் மட்டும் அவருக்கு மனப்பாடம்.

அந்தப் பெண்ணுக்கு இதைச் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை, அவளாகச் செய்தாள். நீங்கள் அதை விதியாக்க வேண்டும் என்று கேட்கிறேன். மக்களின் பாட்டை, பேச்சை, சடங்கை, வாழ்க்கையைப் பற்றி எழுதிய கட்டுரை என்றால், அதை அந்த மக்களில் ஒருவரிடமாவது படித்துக் காட்டினீர்களா என்று விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கேள்வி வையுங்கள். இல்லையென்றால் தள்ளிவிட வேண்டாம், ஆள் தேடிக் கொடுங்கள். தமிழ்ப்பள்ளிகள் நாடு முழுவதும் 500க்கு மேல் இருக்கின்றன, பலவும் தோட்டத்தில் தொடங்கியவை. எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் பழைய ஆட்களைக் காட்டுவார்.

பெரியவர்களுக்குக் கட்டணம் வாங்காதீர்கள். அன்றைக்கு அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து நூறு ரிங்கிட் கட்டினேன், எனக்கு ஓய்வூதியம் வருகிறது, கட்ட முடிந்தது. அம்மாவோடு பால் வெட்டியவர்களுக்கு முடியாது. தங்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்கத் தாங்களே காசு கொடுத்து நுழைய வேண்டும் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஒரு நாளில் பதினைந்து கட்டுரையை நெருக்கிப் போடுவதற்குப் பதிலாக ஒன்பது போட்டு, கேட்க வந்தவர்கள் பேச நேரம் விடுங்கள். விழா நீண்டால் விழாவைச் சுருக்குங்கள். கட்டுரைத் தொகுப்பைத் தடித்த புத்தகமாகப் போட்டு அலமாரியில் வைப்பதோடு, ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் ஒரு சுருக்கம் எழுதிப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். பதிவு செய்த குரலின் ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்கும், இன்னொரு பிரதி பல்கலைக்கழக நூலகத்துக்கும் போகட்டும். ஆய்வாளரின் கைப்பேசி கெட்டுப்போனால் பாட்டும் போய்விடுகிற நிலை இனி வேண்டாம்.

நேரம் அதிகம் இல்லை. கோலாலம்பூரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மிஞ்சிய இடங்களில் பெரும்பாலும் செம்பனைதான். ரப்பர் பால் வெட்டிய கடைசித் தலைமுறை எழுபது, எண்பது வயதைத் தாண்டி நிற்கிறது. காண்டா வாளி என்றால் என் மாணவர்களுக்கு நான் படம் வரைந்துதான் காட்ட வேண்டியிருந்தது. தோளில் கம்பைப் போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்கிய வாளி அது என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் விடியுமுன் நின்று வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள், மங்குகளை உளிக் காம்பால் தட்டிக்கொண்டே பாடியவர்கள் இருக்கிறார்கள். போன தீபாவளிக்கு அம்மாவைப் பார்க்க ஐந்து தோழிகள் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு எட்டுப் பேர்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது, விசிறியும் நாற்காலியும் உண்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எந்த வாரமும் அம்மாவையும் அந்த ஐந்து பேரையும் அங்கே கூட்டி வைக்க நான் தயார். உங்கள் மாணவர்களை அனுப்புங்கள், வரவிருக்கும் கருத்தரங்கின் கட்டுரைகளைக் கொடுத்து அனுப்புங்கள். பசியாறலுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். அன்றைக்குக் கட்டுரை படித்த இளைஞரின் மின்னஞ்சல் உங்களிடம் இருக்கும். அவருக்கு இந்த மடலை அனுப்பி வையுங்கள், அவரைக் குறை சொல்ல இல்லை. அவர் திரையில் காட்டிய பாட்டு மங்கு வரியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் நாலு வரி இருக்கிறது, அம்மா பாடிக் காட்டுவார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்
கோலாலம்பூர்