வாயால் சொன்னதை எழுத்தில் கொடுங்கள்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். எங்கள் தனிப்பட்ட தகவல்களின் பாதுகாப்பு பற்றிக் காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அம்மாவின் பென்ஷன் வேலையாக ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார் கடைத் தம்பி. பிரிண்ட் போட அவர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரை முழுக்க ஆதார், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம். யார் யாருடையதோ. தை மாதம் நான் அனுப்பியதும் அங்கேயே கிடந்தது. "அழிச்சிடுங்க தம்பி" என்றேன். உடனே அழித்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சொல்ல வேண்டியவர்கள் ஒரு தடவை சொன்னார்கள். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. நல்ல யோசனை. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று அதைத் திரும்பப் பெற்றுவிட்டீர்கள். வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதுமாம். ஊர்க்காரர்கள் ஆதாரெல்லாம் கிடக்கும் அந்தத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு வழக்கமான கவனம் எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

2023 ஜூனில் டெலிகிராமில் போன் நம்பரைத் தட்டினால், கொரோனா தடுப்பூசி போட்டவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வந்தன. ஆதாரமற்ற செய்தி என்றது சுகாதார அமைச்சகம். தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் நேரடியாக உடைபட்டதாகத் தெரியவில்லை என்றது உங்கள் தரப்பு. அந்த மாதமே டெல்லி போலீஸ் ஒருவரைக் கைது செய்தது. நேர்வழியோ சுற்றுவழியோ, எங்கள் வீட்டில் ஐந்து பேர் கோவினில் பதிந்திருந்தோம். உங்கள் தகவல் போனது, அல்லது போகவில்லை என்று ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

இங்கே நகரத்தார் கல்யாணமே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதித்தான் முடியும். என் தாத்தா ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் ஏறாத வரவு அவருக்கு வரவே இல்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, பேட்டியில் சொல்வதையும் உத்தரவில் இருப்பதையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். தொலைந்த போனைத் தடுக்க உதவும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதுப் போனிலும் ஏற்ற வேண்டும், அதன் வேலை எதையும் முடக்கக் கூடாது என்று 2025 நவம்பர் 28 தேதியிட்ட தொலைத்தொடர்புத் துறை உத்தரவு சொன்னது. வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளலாம் என்று அந்தத் துறை அமைச்சர் பேட்டி கொடுத்தார். டிசம்பர் 3 அன்று கட்டாயத்தையே விலக்கினார்கள். விலக்கியது சரி. ஆனால் எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்றால் நாங்கள் எதை நம்புவது?

அப்புறம், உங்கள் சட்டத்துக்கே வருகிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. எங்கள் தகவலை வைத்திருப்பவர்களின் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்தீர்கள். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தும் உங்கள் சட்டத்தின் 44(3) பிரிவோ அன்றைக்கே அமலுக்கு வந்தது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வழி போய்விட்டது. பொதுநலன் பெரிதென்றால் தகவல் கொடுக்கலாம் என்கிற 8(2) பிரிவு இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் எங்கள் ஊராட்சியின் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலைக் கேட்கும் ஒருவரை, 'தனிநபர் தகவல்' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவது இப்போது எளிது. அப்பீல் போக எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது? மக்களைக் காக்கும் பகுதி காத்திருக்க, அதிகாரியிடம் கேள்வி கேட்கும் வழி முதலில் சுருங்கியது. இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. போதாததற்கு, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க உங்கள் சட்டத்தில் 17வது பிரிவு வேறு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருந்த அந்தப் பழைய வழியைத் திரும்ப வையுங்கள். எந்தெந்த அரசு அமைப்புக்கு விலக்கு, ஏன் என்று காரணத்தோடு வெளியிடுங்கள். தகவல் கசிந்தால் மறுப்பறிக்கைக்கு முன்னால் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடைகளுக்கு ஒரு பக்கத்தில், தமிழில், கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு அனுப்புங்கள்: பிரிண்ட் எடுத்ததும் கோப்பை அழிக்க வேண்டும் என்று. வந்தால் சுவரில் ஒட்டிவிடுகிறேன் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
காரைக்குடிவாசி ஒருவர்