மூர்த்திக்கு, கட்டைவிரல் விஷயமாக

அன்புள்ள மூர்த்தி,

பதில் போடாததற்குத் திட்டிவிட்டாய், வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அக்கா பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மற்ற சேதியெல்லாம் பாபு சொல்லியிருப்பான், வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளா அவன்? நேரே நீ அனுப்பிய கிதார் ஒலிப்பதிவுக்கு வருகிறேன்.

‘ஃபிரைட் டிரெயின்’ பாட்டை வாசித்து அனுப்பியிருக்கிறாய். தப்பு ஸ்வரம் ஒன்றுகூட இல்லை, தாளமும் நிற்கிறது. ஆனாலும் கேட்கச் சகிக்கவில்லை. வாத்தியார் இருந்திருந்தால் ‘மாவு நன்றாக ஆட்டியிருக்கே’ என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்திருப்பார். உன் கட்டைவிரல் பேஸ் தந்திகளை, அதாவது கனத்த குரல் தரும் தடித்த தந்திகளை, உழுகிறது. மேலே பாட்டு எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது. நீ மிருதங்கக்காரன், உன் பாஷையிலேயே சொல்கிறேன்: கனத்த இடப்பக்கமான தொப்பி மட்டும் கேட்கிறது, வலப்பக்கத்து வலந்தலையைக் காணோம்.

எந்தத் தந்தியை எங்கே அமுக்குவது என்று எண்ணில் காட்டும் டேப்லேச்சர் புத்தகத்தைப் பார்த்துக் கற்றிருக்கிறாய் என்று தெரிகிறது. அந்தப் புத்தகங்களெல்லாம் இதை ஆரம்பப் பாடமாகப் போட்டுவிடுகின்றன. ஐந்தாறு வாரம் கிதார் பிடித்தவன் எல்லாம் வாசிக்கிறான். பாட்டைக் கட்டிய அம்மாள் வாசித்ததை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி எலிசபெத் காட்டன். அவருடைய முதல் ஆல்பத்தை 1958-இல் ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்டது. ‘ஃபோக்சாங்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டல்ஸ் வித் கிதார்’ என்பது அப்போதைய தலைப்பு. 1989-இல் குறுந்தட்டாக வந்தபோது ‘ஃபிரைட் டிரெயின் அண்ட் அதர் நார்த் கரோலினா ஃபோக் சாங்ஸ் அண்ட் டியூன்ஸ்’ ஆகிவிட்டது, இப்போது தேடினால் இந்தப் பெயரில்தான் கிடைக்கும். ஸ்டுடியோ கிடையாது. வாஷிங்டனில் அவர் வீட்டிலேயே நாட்டுப்பாடல் கலைஞர் மைக் சீகர் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்தது. குரல் பெரிதாக ஒன்றும் இல்லை, சில பாட்டில் கரகரக்கிறது. கிதாரைக் கேள்.

அந்தம்மாள் இடதுகைக்காரர். வலதுகைக் கிதாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். அதனால் மெல்லிய முதல் தந்தி கூரைப் பக்கம், தடித்த ஆறாம் தந்தி தரைப் பக்கம். கட்டைவிரல் மேலே இருப்பதால் பாட்டு கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. பேஸ் ஆள்காட்டி விரலுக்குப் போய்விட்டது. நாமெல்லாம் செய்வதற்கு நேர் தலைகீழ். அவர் வாசிப்பில் மெட்டு அப்படி உருண்டு திரண்டு வருவதற்குக் காரணம், கையிலேயே பலமான விரலின் சதை மேலிருந்து இறங்கி அதை மீட்டுகிறது. பேஸை மெலிந்த விரல் கீழிருந்து சுண்டி விடுகிறது. லேசாக, குட்டையாக, ஓரத்தில் ஒதுங்கி நடக்கிறது. இன்னொன்று: மெர்ல் டிராவிஸ் என்ற அமெரிக்கக் கிதார்க்காரர் வழியில் வாசிக்கிறவர்கள் உள்ளங்கை அடியைப் பேஸ் தந்திகள் மேல் வைத்து அமுக்கி ‘தும் தும்’ என்று ஆக்குவார்கள். தலைகீழாகப் பிடித்தால் உள்ளங்கை அடி பேஸ் பக்கம் இயல்பாக வந்து உட்காராது. நீ அமுக்குகிறாய். அதை முதலில் நிறுத்து.

உடனே கிதாரைத் திருப்பிப் பிடிக்கிறேன் என்று கிளம்பாதே, உன்னைத் தெரியும். ஒரு தடவை மட்டும் திருப்பிப் பிடித்து, கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எதுவும் பிடிக்காமல், இடது கட்டைவிரலால் முதல் மூன்று தந்தியை மீட்டிப் பார். அந்தக் கனம் காதில் ஏறட்டும். பிறகு பழையபடி பிடி. தந்தியை இடதுகைக்கு மாற்றிக் கட்டுகிற வேலையும் வேண்டாம். கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டில் வெட்டியிருக்கும் காடிகள் தந்தியின் தடிமனுக்கு ஏற்ப வெட்டியவை, மாற்றினால் தடித்த தந்தி உட்காராது, மெல்லியது ஆடும். கீழ் முனையில் தந்தி கட்டும் பிரிட்ஜில் சாய்த்து வைத்த சேடிலும் (தந்தி படியும் பட்டை) தலைமாறிப் போய் மேல் ஃபிரெட்களில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகள்) சுருதி விலகும். அந்தம்மாளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் அவர் தந்தியைத் தொடவே இல்லை.

இனி கைக்கு வேலை. பாட்டு 'சி' சுருதியில். கார்ட்கள் சி, ஜி7, ஈ, எஃப், அவ்வளவுதான். முதலில் பேஸ் மட்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வை, தட்டுக்கு ஒரு பேஸ். சி பிடித்தால் 5-ஆம் தந்தி, 4-ஆம் தந்தி மாறி மாறி. ஜி7-க்கும் ஈ-க்கும் 6-ஆம் தந்தியும் 4-ஆம் தந்தியும். எஃப்-க்குப் புத்தகம் இடது கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே சுற்றி 6-ஆம் தந்தி முதல் ஃபிரெட்டை அமுக்கச் சொல்லும். உன் கை அதற்குக் காணாது. 4-ஆம் தந்தி 3-ஆம் ஃபிரெட், 3-ஆம் தந்தி 2-ஆம் ஃபிரெட், இந்த இரண்டையும் மாற்றி வாசித்தால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். திருப்பிப் பிடித்தால் கட்டைவிரல் மேலே சுற்றினாலும் மெல்லிய தந்திதான் எட்டும், ஆகவே அந்தம்மாளுக்கும் அந்த வித்தை உதவியிருக்காது.

பேஸை உன்னால் முடிகிற சத்தத்தில் பாதிக்கு இறக்கு. கட்டைவிரலில் மாட்டியிருக்கிற தம்ப் பிக்கைக் கழற்றி டப்பாவில் போடு. கட்டைவிரல் பக்கவாட்டுச் சதை தந்தியைத் தொட்டு நழுவினால் போதும், அழுத்த வேண்டாம். மெட்டை எடுக்கும் ஆள்காட்டி, நடுவிரல் நகங்களை வெட்டு. நகம் சுண்டினால் ஊசி மாதிரிச் சத்தம் வரும், உனக்கு வேண்டியது சதை. அந்த இரு விரலையும் தந்திக்குள் கொஞ்சம் ஆழமாக நட்டு, ஒலித்துளைக்கு மேலேயே வைத்து எடு. பிரிட்ஜ் பக்கம் போகப் போகச் சத்தம் மெலியும். போனை ஆறடி தள்ளி வைத்துப் பதிவு செய்து கேள். பேஸ் முந்திக் கேட்டால் இன்னும் இறக்கு. பேஸ் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற இடம்தான் சரியான இடம்.

அடுத்து அந்த ஈ கார்ட். சி, ஜி7 என்று சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஈ வந்து விழுகிறதே, பாட்டின் உயிரே அதுதான். உன் பதிவில் அது செத்துக் கிடக்கிறது. 3-ஆம் தந்தி முதல் ஃபிரெட்டில் உன் ஆள்காட்டி விரல் சரியாக விழுவதில்லை, தந்தி திறந்தபடியே ஒலித்து, பிரகாசமான மேஜர் கார்ட் சோகமான மைனராகிறது. அங்கே வேகமும் குறைகிறது, ஏனென்றால் அடுத்து வரும் எஃப்-ஐ நினைத்துப் பயப்படுகிறாய். முழுப் பாட்டையும் வாசிக்காதே. ஈ, எஃப், திரும்ப ஈ, எஃப். அதை மட்டும் சுற்று.

அதே ஆல்பத்தில் உள்ள ‘வாஸ்டபோல்’ வாசிக்க ஆசைப்படுவாய், எழுதி வைத்துக்கொள். ஓப்பன் டி டியூனிங், அதாவது எதையும் அமுக்காமல் மீட்டினாலே டி கார்ட் ஒலிக்கும் சுருதி: 6, 2, 1 மூன்றையும் இரண்டு ஃபிரெட் அளவு இறக்கு, 3-ஐ ஒரு ஃபிரெட் அளவு. ‘ஸ்பானிஷ் ஃபிளாங் டாங்’ ஓப்பன் ஜி: 6, 5, 1 மூன்றும் இரண்டு ஃபிரெட் இறங்கும். இரண்டும் ஹென்றி வொரல் 1860 வாக்கில் அச்சிட்ட வரவேற்பறைக் கிதார் உருப்படிகளின் வாரிசுகள். கறுப்பர் வீட்டுத் திண்ணைகளில் அவை வேறு உடம்பு எடுத்துக்கொண்டன. இறக்கும்போது வேண்டிய சுருதிக்குக் கீழே போய், பிறகு ஏற்றி நிறுத்து. மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் தந்தி வாசிக்க வாசிக்க இன்னும் இறங்கும். நீ கட்டியிருக்கிற மெல்லிய 10-ஆம் நம்பர் செட் இந்த இறக்கத்தில் கொழகொழவென்று ஃபிரெட்டில் மோதிச் சலசலக்கும். தடிமன் நம்பர் 12 முதல் 53 வரை உள்ள லைட் செட் வாங்கிக் கட்டு.

ஒன்று மனசை அரிக்கிறது. அந்தம்மாள் சிறுமியாக மாசம் 75 சென்ட்டுக்கு வீட்டு வேலை பார்த்து, 3.75 டாலருக்கு ஸ்டெல்லா கிதார் வாங்கினார். அந்தச் சம்பளத்தில் ஐந்து மாதம். பன்னிரண்டு வயசு வாக்கில் இந்தப் பாட்டைக் கட்டினார். பிறகு தேவாலயத்தில், பக்திப் பாட்டு தவிர வேறு பாட்டு கூடாது என்றார்கள், பல வருஷம் கிதாரைத் தொடவில்லை. வாஷிங்டனில் ஒரு கடையில் தொலைந்து நின்ற சிறுமி பெக்கி சீகரை, மைக்கின் தங்கையை, தாயிடம் சேர்த்ததால் சீகர் வீட்டில் வேலை கிடைத்தது. அங்கே சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து வாசித்தபோதுதான் அந்த வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. அதே பெக்கி பிறகு இங்கிலாந்து போய் ‘ஃபிரைட் டிரெயின்’ பாட, அங்கே இருவர் அதைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். 1957-இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடி அங்கே பெரிய ஹிட். உரியவர் பெயர் ஏறுவதற்குத் தகராறு நடக்க வேண்டியிருந்தது. கிராமி விருது கையில் வந்தபோது வயசு தொண்ணூறைத் தொட்டிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நம்மாட்கள் ‘ஆரம்பப் பாடம்’ என்கிறார்கள்!

சரி, கோபம் போதும். ஆல்பத்தில் முதலில் வருகிற ‘வில்சன் ராக்’ கேட்டுவிட்டு, பிறகு ‘ஃபிரைட் டிரெயின்’, பிறகு ‘ஓ பேப் இட் எய்ன்ட் நோ லை’. அப்புறம் ஈ-எஃப் மட்டும் வாசித்து அனுப்பு, முழுப் பாட்டு வேண்டாம். கிதார் கழுத்தில் மாட்டுகிற என் கேப்போவைப் பாபு வரும்போது கொடுத்தனுப்பு. அது உன்னுடையது இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

அன்புடன்,
ரவி