எடிட்டிங்கில் சரியாகாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்கான குறும்படக் கட்டுரையில் ‘நல்ல கதை சிக்கினால் போதும், மற்றதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. எடிட்டிங்கில் எது சரியாகும், எது ஆகாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எப்படி அச்சேறியது என்பதுதான் வருத்தம்.

வேலூர் வீடு ஒன்றில் அம்மாவும் மகனும் பேசும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மே மாத வெக்கையில் ஃபேனை நிறுத்த யாருக்கும் மனம் வராது. அம்மா ஷாட்டில் மைக் ஃபேனுக்கு அடியில். மகன் ஷாட்டில் ஜன்னலோரம். ஷாட் மாறும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறி இறங்கும். செயலி போட்டு அழித்தால் குரலும் சேர்ந்து நசுங்கும். ஃபேனை அணைத்து, காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தி, பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் குரலின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெலை ஒட்டி நிற்கும்படி பதிவு செய்ய வேண்டும். பேசி முடித்ததும் யாரும் நகராமல் அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி எடுத்து வைத்தால், வசனங்களுக்கு இடையே விழும் ஓட்டையை அதைக் கொண்டு அடைக்கலாம்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். செல்போன் கேமராவில் ஷட்டர் வேகத்தை ஆட்டோவில் விட்டால் சுவரில் நிழல் பட்டை பட்டையாக ஓடும். அதை 1/50 அல்லது 1/100 விநாடியில் பூட்டிவிட்டால் தீர்ந்தது. அம்மாவையும் மகனையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக வைத்து, கேமரா அதற்கு ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள், பேச்சு யாரிடம் என்றே புரியாது. அதைச் சரிசெய்ய எடிட்டிங்கில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் சுவரில் தொங்கும் காலண்டரின் எழுத்தும் திரும்பிவிடும்!

இதெல்லாம் தொழில்நுட்பம், கதை வேறு என்று பிரிப்பதுதான் தவறு. மகன் ஊரை விட்டுப் போகிறான் என்பதை அவன் வாயால் சொல்ல வேண்டாம். காட்பாடி ரயிலின் ஊதல் வெளியே கேட்க, அம்மா சோற்றுக் கரண்டியை ஒரு கணம் நிறுத்தினால் போதும். அந்த ஊதல் காதில் விழ அறை அடங்கியிருக்க வேண்டாமா?

தங்கள் திரை விமர்சனங்களும் இப்படித்தான். கதைச் சுருக்கம் முக்கால் பத்தி. ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்று ஒரு வரி. ஒலிக்கலவை செய்தவர் பெயர் வருவதே இல்லை. கல்லூரிகளிலும் கேமராவுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், மைக்குக்கு ஒதுக்குவதில்லை. தேர்வில் ஷாட் வகைகளைப் பட்டியலிடச் சொன்னால் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். குளோசப் எந்த இடத்தில் வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் குறும்படக் கட்டுரை வேலூர்க் கோட்டைக்குள் படமெடுக்கலாம் என்றும் யோசனை சொல்கிறது. அது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், படப்பிடிப்புக்கு முன் அனுமதி வேண்டும் என்பதையாவது சேர்த்திருக்கலாம். கோட்டை முன்சாலையில் பஸ் ஹாரன் வசனத்தின் நடுவில் விழுந்தால், அடுத்த ஷாட்டில் பாதியில் அறுந்து நிற்கும் என்பது தனிக்கதை.

செமஸ்டர் குறும்படங்களுக்கு மாணவர்கள் கேமராவைத் தூக்குவதற்குள், அடுத்த இணைப்பில் அந்த வரிக்கு ஒரு திருத்தமும், ஒலிப்பதிவு பற்றி அரைப் பத்தியும் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.