மலைக்காட்டு ஊருக்கும் இந்த மிஷின் போகோணும்ங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

என் பையன் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருசம் படிக்கறானுங்க, ப்ராஜெக்ட்டுக்கு ஈஎஸ்பி32-ங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டுல, விரல் வெச்சா நாடியும் ஆக்சிஜனும் பாக்கற மேக்ஸ்30102 சென்சாரும் காய்ச்சல் பாக்க டிஎஸ்18பி20 ஒண்ணும் மாட்டி, நாடித்துடிப்பு, ஆக்சிஜன், டெம்பரேச்சர் மூணும் வைஃபைல போனுக்கு வர்ற மாதிரி பண்ணியிருக்கான். சிவப்பு வெளிச்சம் ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒண்ணு, ரெண்டுல எதை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாத்துத்தான் ஆக்சிஜன் கணக்கு போடுதாமுங்க.

எங்கம்மாவுக்கு வெச்சப்ப ஆக்சிஜன் 84 சதவீதம்னு காட்டுச்சு பாருங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. பாத்தா அப்பத்தான் பாத்திரம் கழுவிட்டு வந்த கை, சில்லுன்னு இருந்துச்சு. நல்லாத் தேச்சு சூடு பண்ணி ஆடாம வெச்சதும் 97.

இந்த மாதிரி கோளாறெல்லாம் நோயாளிககிட்ட வெச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும். ஆனா பசங்க மார்க் வாங்குனதும் போர்டை அட்டைப்பெட்டில போட்டு மூடிடறாங்க. ஜிஎச் மானிட்டர் பக்கத்துல வெச்சு, டாக்டர் மேற்பார்வைல ஒப்பிட்டுப் பாக்க அரசாங்கம் வழி பண்ணிக் குடுக்கோணும்ங்க. ஈசிஜி சேக்கறதுன்னா பேட்டரிலதான் ஓட்டோணும், கரண்டு ப்ளக்ல சொருகிட்டு மனுசன் மேல வயர் ஒட்டறது ஆபத்து, அதையும் அங்கயே கத்துக்குடுக்கலாம். பர்கூர், கடம்பூர் மலையில டவர் கிடைக்காத எடத்துக்கு மெமரி கார்டுல சேத்து வெக்கற மாதிரி மாத்தறேன்னு பையன் இப்பவே உக்காந்துட்டானுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்